காக்கட்டூ வருது: கூண்டு ரெடி, வீடு ரெடியா?

கேள்வி | மார்ச் 2, காலை

அடுத்த மாசம் எங்க வீட்டுக்கு ஒரு அம்ப்ரெல்லா காக்கட்டூ (பெரிய வெள்ளைக் கொண்டைக்கிளி) வருது. இதுதான் முதல் பறவை. பெரிய கூண்டு வாங்கியாச்சு, பொம்மை ஒரு பை நிறைய இருக்கு, தீவனமும் இருக்கு. முதல் வாரம் முழுக்க லீவு போட்டு அதோடவே இருந்து பழகிடலாம்னு திட்டம். வேற ஏதாவது விட்டுப்போச்சா?

மார்ச் 2, இரவு

முதல்ல அந்த லீவைக் கேன்சல் பண்ணுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

முதல் வாரத்துல நீங்க எவ்வளவு நேரம் கொடுக்கறீங்களோ, அதுதான் தனக்கு உரிய பங்குன்னு காக்கட்டூ முடிவு பண்ணிடும். நாள் முழுக்கத் தோள்ல உட்கார வெச்சு, கழுத்தைச் சொறிஞ்சு கொடுத்துட்டு, அடுத்த வாரம் பையைத் தூக்கிட்டு ஆபீஸ் கிளம்பினா அன்னிக்கே கத்தல் ஆரம்பிக்கும், லேசுல நிக்காது. கத்தியும் ஆள் வரலைன்னா இறகைப் பிடுங்க ஆரம்பிக்கும். இறகோட விடாம நெஞ்சுத் தோலையே கடிச்சுப் புண்ணாக்கிக்கற காக்கட்டூவும் உண்டு. எங்க வீட்டு துரை (அவனும் அம்ப்ரெல்லாதான், எங்களுக்கு முன்னாடி வேற ஒரு வீட்ல இருந்தவன்) வர்றப்பவே நெஞ்சு வெறிச்சோடித்தான் வந்தான். பாதி இடத்துல இறகு முளைச்சுது. மீதி இடத்துல வேர் செத்துப்போச்சு, இனி முளைக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

காட்டுல இதெல்லாம் கூட்டமா வாழற ஜாதி. அங்க தனியா விடப்பட்ட பறவைக்கு ஆயுசு கம்மி. அதனால வீட்டைத் தயார் பண்றப்ப நீங்க வீட்ல இல்லாத மணி நேரத்தை மனசுல வெச்சுத் தயார் பண்ணுங்க. நீங்க இருக்கற நேரத்துக்குத் தயாரிப்பே வேண்டாம், அதை துரைமார்களே பார்த்துப்பாங்க.

மார்ச் 3, காலை

ராத்திரி எழுதினதைப் படிச்சா கொஞ்சம் காரம் ஜாஸ்தியாத் தெரியுது. இருக்கட்டும்.

சமையலறை. நான்ஸ்டிக் பாத்திரம் எது இருந்தாலும் பறவை வர்றதுக்கு முன்னாடி வெளியே போகணும். பரண்ல ஏத்தி வெக்கறது கணக்குல வராது, யாருக்காவது கொடுத்துடுங்க. அந்த வழுவழுப்பான பூச்சு பிடிஎஃப்இன்னு ஒரு பிளாஸ்டிக். அளவு மீறிச் சூடானா அதுல இருந்து வர்ற ஆவி நமக்குக் காய்ச்சலும் இருமலும் கொடுத்துட்டுப் போயிடும். பறவையை நிமிஷக்கணக்குல கொன்னுடும். பறவைக்கு மூச்சு இழுக்கறப்பவும் விடறப்பவும் நுரையீரல் வழியா காத்து ஒரே திசையில ஓடிட்டே இருக்கும், பின்னாடி காற்றுப்பைகள் துருத்தி வேலை பார்க்கும். பறக்கறதுக்குக் கைகொடுக்கற ஏற்பாடு. ஆக்சிஜனை எவ்வளவு சுத்தமா உறிஞ்சுதோ அவ்வளவு சுத்தமா விஷத்தையும் உறிஞ்சிடும்.

பாத்திரத்தோட முடியலை. ரூம் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் அடித்தட்டு, அயர்ன் பண்ற பலகையோட உறை, ஏர் ஃப்ரையர் கூடை, சில சூடு பல்புகள், தானே சுத்தம் பண்ணிக்கற ஓவன்னு இந்தப் பூச்சு பல வேஷத்துல வீட்டுக்குள்ள இருக்கும். லேபிளைப் படிங்க.

வாசனை மெழுகுவர்த்தி, ஸ்பிரே, சுவர்ல செருகற வாசனை மிஷின், சிகரெட், புதுப் பெயின்ட் எல்லாம் அதே பட்டியல். கூண்டு வெக்கப் போற அறைக்குப் பெயின்ட் அடிக்கணும்னு இருந்தா இந்த வாரமே அடிச்சு முடிங்க, வாடை அடங்க நாள் வேணும்.

மார்ச் 3, மதியம்

கீழ ஒருத்தர் "வருஷக்கணக்கா நான்ஸ்டிக்லதான் சமைக்கறேன், என் கிளிக்கு ஒண்ணும் ஆகலை"ன்னு எழுதியிருக்கார். ஆகாமலே போகலாம். அந்தப் பூச்சு சிதைய ஆரம்பிக்கறது சுமார் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல, சாதாரணச் சமையல் அதுக்குக் கீழதான் நடக்கும். ஆனா காலிப் பாத்திரத்தைப் பெரிய தீயில வெச்சுட்டுப் போன் பேசப் போனா சில நிமிஷத்துல அந்தச் சூட்டைத் தாண்டிடும். உங்க ஞாபக சக்தி மேல பறவையோட உயிரை வெச்சுப் பந்தயம் கட்டணுமா?

மார்ச் 5

தூசி பத்தி யாருமே கேட்கலை, கேட்டிருக்கணும். காக்கட்டூவுக்கு உடம்புல ஒரு வகை இறகு உதிரவே உதிராது. நுனி மட்டும் நொறுங்கி நொறுங்கி முகப்பவுடர் மாதிரி மெல்லிசாத் தூளாகிட்டே இருக்கும். அதை அலகால எடுத்து உடம்பு பூராப் பூசிக்கும், இறகுல தண்ணி ஒட்டாம இருக்க. துரை ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்தா ஜன்னல் வெளிச்சத்துல மேகம் எழும்பறது தெரியும். கறுப்பு நிற டிவி எங்க வீட்ல கறுப்பா இருந்ததே இல்ல.

வீட்ல ஆஸ்துமாக்காரர் இருந்தா பறவையை எடுக்கறதுக்கு முன்னாடியே, காக்கட்டூ இருக்கற ஒரு அறையில அவரைச் சில மணி நேரம் உட்கார வெச்சுப் பாருங்க. ஒண்ணும் ஆகலைன்னாலும் முழு உத்தரவாதம் கிடையாது, அலர்ஜி வருஷம் கழிச்சும் வரும். ஹெப்பா ஃபில்டர் (நுண்ணிய தூசியையும் பிடிக்கற வடிகட்டி) உள்ள காத்து சுத்திகரிப்பான் வாங்குங்க. ஓசோன் விடற மாடல் மட்டும் வேண்டவே வேண்டாம், ஓசோன் பறவை நுரையீரலுக்கு ஆகாது. அடிக்கடி வெதுவெதுப்பான தண்ணியைப் பனி மாதிரித் தெளிச்சுக் குளிக்க வெச்சா தூசி பாதி அடங்கும். பெரும்பாலான காக்கட்டூ குளியலுக்கு ரெக்கையை விரிச்சுத் தலைகீழாத் தொங்கி ஆடும், அதைப் பார்க்கவே வளர்க்கலாம்.

இன்னொரு விஷயம், எடுக்கப் போறப்ப உபயோகமாகும். நல்ல ஆரோக்கியமான அம்ப்ரெல்லாவோட கறுப்பு அலகு, மேல தூள் படிஞ்சு சாம்பலாத்தான் தெரியும். பளபளன்னு கறுப்பா மின்னினா "ஆஹா என்ன அழகு"ன்னு வாங்கிட்டு வந்துடாதீங்க. தூள் இறகு கெட்டுப்போயிருக்குன்னு அர்த்தமா இருக்கலாம். அலகையும் இறகையும் அழிக்கற பிபிஎஃப்டிங்கற வைரஸ் நோய்க்கு அது ஒரு முன்னறிகுறி. ரத்தப் பரிசோதனை பண்ணாம கைக்கு வாங்காதீங்க.

மார்ச் 6

கூண்டுக்கு வர்றேன். "பெரிய"ன்னா எவ்வளவுன்னு நீங்க சொல்லலை. ரெண்டு ரெக்கையையும் முழுசா விரிச்சு ஒரு சுத்து சுத்தினா எங்கயும் இடிக்கக் கூடாது, பொம்மை தொங்கவிட்ட அப்புறமும். உயரத்தைவிட அகலம் முக்கியம். அம்ப்ரெல்லா அளவுக்குக் கம்பி இடைவெளி 2.5 செ.மீ.க்கு மேல போகலாம், 4 செ.மீ.யைத் தாண்ட வேண்டாம். பக்கத்துல ரெண்டு முகத்துலயாவது கம்பி படுக்கை வாக்குல ஓடணும், ஏறி விளையாடறதுக்கு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் முதல் தரம். துத்தநாகப் பூச்சுக் கம்பி வேண்டாம், இவங்க கம்பியை நாக்கால தடவறதும் கடிக்கறதுமாவே இருப்பாங்க, துத்தநாகம் உள்ளே போனா விஷம். ஈயமும் அப்படித்தான். ஈயம் எங்க இருக்கும்னு கேட்டா, திரைச்சீலை அடி ஓரத்துல தைச்ச எடைக்குண்டு, பழைய பெயின்ட், மலிவான மணியோட நாக்கு.

அடுத்தது பூட்டு. 2013-ல வியன்னா ஆராய்ச்சியாளர்கள் காஃபின்ங்கற சின்ன ஜாதிக் காக்கட்டூக்கள் முன்னாடி ஒரு பெட்டி வெச்சாங்க. கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு முந்திரி. அதை எடுக்க முள்ளை உருவி, திருகைக் கழற்றி, தாழைத் தள்ளி, சக்கரத்தைத் திருப்பி, கடைசி நாதாங்கியை நகர்த்தணும். அஞ்சு பூட்டு, வரிசை மாறக் கூடாது. பிப்பின்னு ஒரு பறவை யாரும் சொல்லிக் கொடுக்காம ரெண்டு மணி நேரத்துக்குள்ள திறந்துடுச்சு. உங்க கூண்டுக் கதவுல இருக்கறது ஒரே ஒரு கொக்கி.

துரையோட வேலையைக் கிட்ட இருந்து பார்த்திருக்கேன். தண்ணிக் கிண்ணத்தைப் பிடிச்சிருக்கற நட்டு மேல அலகை வெக்கவே மாட்டான். கறுத்து, வறண்டு, குட்டி விரல் நுனி சைசுல இருக்கற நாக்கை நட்டோட ஒரு முகத்துல அழுத்தி, தலையைச் சாய்ச்சு, கால் சுத்து தள்ளுவான். நிறுத்திட்டு நம்ம மூஞ்சியைப் பார்ப்பான். மறுபடி கால் சுத்து. கடைசியில கிண்ணம் டமால்னு விழறப்ப கொண்டை விரியும் பாருங்க.

திருகுப் பூட்டு வெச்ச ஸ்டெயின்லெஸ் காரபைனர் (மலையேறறவங்க கயிறு மாட்டற வளையக் கொக்கி) போடுங்க. கதவுக்கு மட்டுமில்ல, சாப்பாட்டுக் கிண்ணக் கதவுக்கும்.

மார்ச் 8

உட்காரும் கழி: கூண்டோட வர்ற உருண்டை மரக்குச்சியை எடுத்துடுங்க. ஒரே பருமன்ல நாள் பூரா நின்னா உள்ளங்காலில் புண் வரும். பருமன் மாறி மாறி வர்ற, மருந்தடிக்காத மரக்கிளைகளைப் பொருத்துங்க. நகம் தேய ஒரு சிமென்ட் கழி, ஒண்ணே ஒண்ணு, அதுவும் தூங்கற இடத்துல வேண்டாம். மணல்தாள் உறை வேண்டாம்.

கூண்டு வெக்கற இடம்: ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கட்டும். நாலு பக்கமும் திறந்த இடத்துல பறவை நிம்மதியா உட்காராது. ஜன்னலுக்கு நேரே வெச்சா வெயிலுக்கு ஒதுங்க இடமில்லாமப் போகும். சமையலறையை ஒட்டி வேண்டாம்.

மார்ச் 10

இன்னிக்கு எழுதறதைத்தான் நான் முதல் நாளே எழுத நினைச்சேன், லீவு விஷயம் முந்திக்கிச்சு.

வீட்ல இருட்டான மூலைகளைத் தேடி அடைங்க. சோபாவுக்கு அடியில, அலமாரிக்குப் பின்னால, இழுப்பறைக்குள்ள, திறந்து கிடக்கற அட்டைப் பெட்டி. கடைக்காரர் அன்பா ஒரு துணிக் கூடாரம் தருவார், "தூங்கறதுக்குக் கதகதப்பா இருக்கும்"னு. வாங்காதீங்க. காக்கட்டூ மரப்பொந்துல முட்டை வெக்கற பறவை. இருட்டா, அடைசலா ஒரு இடம் கிடைச்சா அது உடம்புக்குக் கூடு கட்டச் சொல்லி உத்தரவு போகும். அப்புறம் அந்த மூலையைக் காவல் காக்கும், பக்கத்துல வர்ற காலைக் கடிக்கும். பெட்டையா இருந்தா சேவல் இல்லாமலே முட்டை போட்டு போட்டுச் சுண்ணாம்புச் சத்து தீர்ந்து, முட்டை உள்ளேயே சிக்கி உயிருக்கே வினையாகும்.

தடவிக் கொடுக்கறதும் இதே கணக்குதான். தலை, கன்னம், பின்கழுத்து, அதோட நிறுத்துங்க. முதுகு, ரெக்கைக்கு அடியில, வால் பக்கம் தடவினா ஜோடியோட அழைப்புன்னு எடுத்துக்கும். அம்ப்ரெல்லாவுக்கும் மொலுக்கன்ங்கற இன்னொரு காக்கட்டூ ஜாதிக்கும் எச்சத்துளை வெளித்தள்ளற வியாதி அதிகமா வரும். இப்படி ஓயாம உசுப்பேத்தி, நாள் பூரா கூண்டுக்குள்ள எச்சத்தை அடக்கிட்டு இருக்கற பறவைங்ககிட்ட அதை அதிகம் பார்க்கறதா பறவை டாக்டர்கள் சொல்றாங்க. பிரச்சினை என்னன்னா, அம்ப்ரெல்லா தானே வந்து மடியில சரிஞ்சு ரெக்கையைத் தூக்கிக் காட்டும். அந்த நேரத்துல கையைக் கட்டிட்டு உட்கார ஒரு வைராக்கியம் வேணும். வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்கும் அது வேணும், அங்கதான் சிக்கல்.

தூக்கம் ராத்திரிக்கு 10-லிருந்து 12 மணி நேரம், இருட்டுல, டிவி சத்தம் இல்லாம. ஹால்ல கூண்டு வெச்சு நடுராத்திரி வரைக்கும் விளக்கெரியற வீடுன்னா, வேற அறையில சின்னதா ஒரு தூக்கக் கூண்டு வைங்க.

மார்ச் 12

"பொம்மை ஒரு பை நிறைய." என்ன பொம்மைன்னு படம் போட்டிருந்தீங்க, பார்த்தேன். எல்லாம் உடையாத கெட்டி பிளாஸ்டிக், அக்ரிலிக். காக்கட்டூவுக்கு உடையாத பொம்மைன்னா அது பொம்மையே இல்ல. பெயின்டும் மருந்தும் படாத பைன் மாதிரி மெத்துன்னு இருக்கற மரத்துண்டு, அட்டை, தடிக் காகிதம், இதெல்லாம் மூட்டைக் கணக்குல வேணும். கயிறுப் பொம்மை வாங்கினா வாராவாரம் பிசிறை வெட்டுங்க, விரல் சுத்திக்கும், விழுங்கின நார் இரைப்பையில கட்டியா அடைக்கும்.

நீங்க வீட்ல இல்லாத நேரத்துக்கு இதுதான் மருந்து. காட்டுல விடிஞ்சதுல இருந்து தோண்டி, உடைச்சு, உரிச்சுத் தின்னு பொழுது ஓட்டற பறவைக்கு, கிண்ணம் நிறையப் போட்டுட்டுக் கிளம்பினா கால் மணியில சாப்பாடு முடிஞ்சுது, மிச்ச நாள் முழுக்க என்ன பண்ணும்? சாப்பாட்டை ஒளிச்சு வைங்க. முதல்ல நீங்க பார்த்துட்டு இருக்கறப்பவே, பாதி தெரியற மாதிரி காகிதத்துல சுருட்டிக் கொடுங்க. கண்டுபிடிக்கறது வேடிக்கைன்னு புரிஞ்ச அப்புறம் முழுசா மூடுங்க, அட்டைக்குள்ள வைங்க, அட்டையைக் கட்டைக்கு நடுவுல செருகுங்க. பிறந்ததுல இருந்து கிண்ணத்துல தின்ன பறவைக்கு இது தானா வராது, பழக்கணும். துரை முதல்ல காகிதச் சுருளைப் பார்த்தாலே கூண்டோட மறு மூலைக்கு ஓடுவான். இப்ப நான் காகிதத்தைக் கசக்கற சத்தம் கேட்டா கம்பியில தொங்கறான்.

2021-ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. சிட்னி பக்கம் மஞ்சள்கொண்டைக் காக்கட்டூக்கள் வீட்டு வாசல் குப்பைத்தொட்டி மூடியை அலகால தூக்கி, விளிம்பு மேல நடந்து, கவிழ்க்கக் கத்துக்கிட்டு இருக்கு, ஒண்ணைப் பார்த்து ஒண்ணு. ஜனங்க மூடி மேல செங்கல் வெச்சாங்க. அதையும் சில பறவைகள் தள்ளிடுச்சு. வேலையில்லாத இந்த மூளையைத்தான் நாம ஹால்ல வெச்சு வளர்க்கறோம்.

மார்ச் 14

சத்தம். விடியலும் சாயங்காலமும் கத்தும், அது கூட்டத்தைக் கூப்பிடற நேரம். அதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட முன்கூட்டியே பேசுங்க. சுவர் ஒட்டின ஃபிளாட்டா இருந்தா இன்னொரு தடவை யோசிங்க, இதைக் கிண்டலாச் சொல்லலை.

பகல்ல உங்களைக் கூப்பிடக் கத்தறது வேற. அதுக்கு ஓடிப்போய் "கத்தாதே"ன்னு கத்தினா கூட்டாளி பதில் சொல்றான்னு சந்தோஷப்படும். வீட்டுக்குள்ள எந்த அறையில இருந்தாலும் சின்னதா ஒரு விசில் கொடுங்க, நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சாப் போதும். அது மெல்லக் கூப்பிட்டா உடனே பதில், அலறினா பதில் கிடையாது. வீட்ல எல்லாரும் இதையே செய்யணும். ஒரு ஆள் மட்டும் இரக்கப்பட்டு ஓடினா மொத்தமும் பாழ்.

மார்ச் 15

சாப்பாடு பத்திச் சுருக்கமா. சூரியகாந்தி விதை மட்டும்னா கல்லீரல்ல கொழுப்பு கட்டும், வைட்டமின் ஏ பத்தாது. பெல்லட் (அரைச்சு அழுத்தின குளிகைத் தீவனம்), கீரை, காய் பிரதானம், விதை பரிசுக்கு. ஏற்கெனவே விதை தின்னு பழகின பறவையா இருந்தா வந்த அன்னிக்கே மாத்தாதீங்க, பட்டினி கிடந்தே போய்ச் சேரும். அது சாப்பிட்டுட்டு இருந்ததையே வாங்கி வெச்சு, எடை பார்த்துப் பார்த்து மாத்துங்க. அவகாடோ, சாக்லேட், காபி, மது, வெங்காயம் பக்கத்துலயே கூடாது.

மார்ச் 18

பறவை டாக்டரை இப்பவே தேடுங்க. நாய் பூனை டாக்டர் எல்லாருக்கும் பறவை தெரியும்னு நினைக்காதீங்க, முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. வந்த வாரமே பரிசோதனை. கிளிக் காய்ச்சலுக்கும் சேர்த்துப் பாருங்க, அது மனுஷனுக்கும் தொத்தும். வீட்ல ஏற்கெனவே வேற பறவை இருந்தா 30-லிருந்து 45 நாள் தனி அறை.

கிராம் காட்டற தராசு வாங்கி, மேல ஒரு கழி பொருத்தி, தினமும் காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி எடையைக் குறிச்சு வைங்க. பறவை நோயைக் காட்டிக்காது. இறகு உப்பி, கண் சொருகி, கூண்டு அடியில உட்கார்ற நிலை வர்றதுக்குள்ள ரொம்ப நாள் ஆகியிருக்கும். எடை அதுக்கு முன்னாடியே இறங்கும்.

காகிதமும் கேளுங்க. சைட்டீஸ்ங்கறது அழியற அபாயத்துல இருக்கற உயிரினங்களை நாடு விட்டு நாடு விக்கறதைக் கட்டுப்படுத்தற ஒப்பந்தம்; அதுல அம்ப்ரெல்லா ரெண்டாம் பட்டியல், மொலுக்கனும் காஃபினும் முதல் பட்டியல். எங்க பிறந்ததுன்னு விக்கறவர் எழுத்துல தரலைன்னா நடையைக் கட்டுங்க.

மார்ச் 20

காக்கட்டூ எத்தனை வருஷம் உயிரோட இருக்கும்னு கேட்டிருந்தீங்க. சிகாகோ பக்கத்துல ப்ரூக்ஃபீல்ட் மிருகக்காட்சி சாலையில குக்கின்னு ஒரு மேஜர் மிட்செல் காக்கட்டூ இருந்தது. 1933-ல பிறந்து 2016-ல செத்துது, 83 வயசு. அது விதிவிலக்குதான். நல்லா வளர்த்தா அம்ப்ரெல்லா 40, 50 வருஷம் சாதாரணமா இருக்கும். உங்க வயசைக் கூட்டிப் பாருங்க, உங்களுக்கு அப்புறம் அதை யார் பார்த்துக்கறதுன்னு பேர் எழுதி வைங்க. நான் என் தங்கை மகன்கிட்ட கேட்டேன், "துரையா, சொத்தா, எது கூட எது வருது?"ன்னு கேட்டான். புத்திசாலி.

மார்ச் 23

மேல ஒருத்தர் என்னைக் கல்நெஞ்சம்னு எழுதியிருக்கார், புதுசா வந்த பறவையைத் தனியா விடச் சொல்றேனாம். முதல் ரெண்டு மூணு நாள் அதே அறையில உங்க வேலையைப் பார்த்துட்டு இருங்க, பேசுங்க, புத்தகம் படிங்க. தோள்ல ஏத்தாதீங்க, அவ்வளவுதான். முதல் நாளே அஞ்சு நிமிஷம் வெளியே போய் வாங்க, மறுநாள் பத்து, அப்புறம் அரை மணி. போறப்ப பெரிய விடைபெறல் வேண்டாம், வர்றப்ப ஓடிப்போய்க் கொஞ்சவும் வேண்டாம்.

அது வர்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் வெறும் கூண்டை வெச்சு ஒத்திகை பாருங்க. பறவை வெளியே விட்டிருக்குன்னு வெச்சுக்கிட்டு வீட்டை நடத்துங்க: ஃபேன் நிறுத்தியிருக்கா, கழிப்பறை மூடி போட்டிருக்கா, தண்ணி நிறைஞ்ச வாளி எங்க, சார்ஜர் ஒயர் எங்க தொங்குது, கதவைத் திறக்கறப்ப யார் குரல் கொடுக்கறது. எங்க வீட்ல இப்பவும் கதவுல கை வெச்சுட்டுத்தான் "துரை எங்க?"ன்னு கேட்போம்.

மார்ச் 24

துணைக்கு ரெண்டாவது காக்கட்டூ வாங்கினா தனிமைப் பிரச்சினை தீருமான்னு கேட்டிருக்கீங்க. தீராது. ரெண்டும் ஒத்துப்போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. காக்கட்டூ ஆண், ஒரே கூண்டுல இருக்கற தன் ஜோடியையே கொத்திக் கொல்றது நடந்திருக்கு, பல வருஷம் சேர்ந்து இருந்த அப்புறமும். ஒத்துப்போனா, உங்களை ரெண்டு பேரும் சேர்ந்து கடிப்பாங்க. ரெண்டு கூண்டு, ரெண்டு மடங்கு தூசி, விடியக்காலைல ஜோடிக் கச்சேரி. முதல்ல ஒண்ணு வரட்டும்.

காரியர் வாங்க மறந்துடாதீங்க. வந்து பழகின அப்புறம் அதைத் திறந்து கூண்டு பக்கத்துல வெச்சு, உள்ளே ஒரு பாதாம் போட்டு வைங்க. டாக்டர்கிட்ட கிளம்பற அன்னிக்கு முதல் தடவையா அதைக் காட்டினா, அன்னிக்குத் தையல் உங்களுக்குத்தான்.